மதிலுக்கு அப்பால் இருப்பதைத் துறைமுக ஊர்களுக்குச் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். துறைமுகங்களைப் பற்றிய செய்திகள் தங்கள் நாளிதழில் அடிக்கடி வெளிவருகின்றன. நிதியாண்டில் எத்தனை டன் சரக்கு கையாளப்பட்டது, எத்தனை பெட்டகங்கள் ஏறி இறங்கின, கப்பல் தளம் எவ்வளவு ஆழத்துக்குத் தூர்வாரப்படுகிறது என்ற கணக்குகளை நான் விடாமல் படிப்பவன். துறைமுக மதிலிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, இன்றும் அங்கேயே வசிப்பவன் என்ற முறையில், அந்தக் கணக்குகளில் ஒருபோதும் இடம்பெறாத ஒன்றைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவரவே இக்கடிதத்தை எழுதுகிறேன். மதிலுக்கு இந்தப் பக்கம் வசிக்கும் எங்களுக்கு, அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்பது தெரியாது. ஒரு காலத்தில் தெரிந்திருந்தது.

துறைமுக ஊரில் வாழ்பவர்கள் காற்றைப் படிக்கத் தெரிந்தவர்கள். பகலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறுவதால் காற்று கடலிலிருந்து ஊருக்குள் வருகிறது. இரவில் நிலம் விரைவாகக் குளிர்ந்துவிடுவதால் ஊரிலிருந்து கடலுக்குத் திரும்புகிறது. பள்ளிப் பாடத்தில் ஒரு படத்தோடு முடிந்துபோகும் இந்தச் செய்திதான் எங்கள் வீடுகளில் துணி உலர்த்தும் நேரத்தையும், ஜன்னலைச் சாத்தும் நேரத்தையும், குழந்தைகளைத் திண்ணையில் விளையாட விடும் நேரத்தையும் தீர்மானிக்கிறது. முற்பகலில் கடற்காற்று எழும்பியதும், தளத்தில் கொட்டிவைத்திருக்கும் சரக்கின் தூசி ஊருக்குள் கிளம்பிவிடும். ஜன்னல் விளிம்பில் விரலை வைத்து இழுத்தால் நிலக்கரி கறுப்பாக ஒட்டும். இரும்புத்தாது செம்பழுப்பாக ஒட்டும். கந்தகம் இறங்கும் நாளில் மஞ்சளாக ஒட்டும். எந்தக் கப்பலில் என்ன வந்திருக்கிறது என்று சிறு வயதில் நாங்கள் இப்படித்தான் தெரிந்துகொண்டோம். தூசியை மூச்சோடு உள்ளே இழுத்தவர்களுக்குக் குறைந்தபட்சம் அது எதனுடைய தூசி என்பதாவது தெரிந்திருந்தது.

காதுக்கும் அப்படி ஒரு படிப்பு இருந்தது. கப்பலின் சங்கு ஒருமுறை சுருக்கமாக ஒலித்தால் அது வலப்புறம் திரும்புகிறது. இருமுறை ஒலித்தால் இடப்புறம் திரும்புகிறது. மும்முறை ஒலித்தால் அதன் எந்திரம் பின்னோக்கி இயங்குகிறது. ஐந்துமுறை தொடர்ந்து ஒலித்தால் எதிரில் வரும் கலத்தின் போக்கு தனக்குப் புரியவில்லை, அல்லது ஆபத்து இருக்கிறது என்று பொருள். மூடுபனியில் ஓடிக்கொண்டிருக்கும் கப்பல் இரண்டு நிமிடங்களுக்கு மிகாத இடைவெளியில் ஒரு நெடிய ஊதொலியை எழுப்ப வேண்டும். உலகின் எல்லாக் கடல்களுக்கும் பொதுவான இந்த விதிகளை எங்களுக்கு யாரும் வகுப்பெடுத்துச் சொல்லவில்லை. இரவில் படுக்கையில் கிடந்தபடி எண்ணிக் கற்றுக்கொண்டோம். ஐந்து ஊதல் கேட்டால் அக்கம்பக்கத்தில் ஒவ்வொரு விளக்காக எரியும்.

என் தந்தையார் சரக்கு இறக்கும் தொழிலாளியாக இருந்தவர். அவர் வேலை முடிந்து படியேறும்போதே, அன்று எந்தக் கிடங்கில் நின்றார் என்பதை என் தாயார் அவருடைய சட்டையின் வாடையிலிருந்து சொல்லிவிடுவார். பதனிடாத தோல், ஈர மரம், உரம், கோதுமைத் தூசி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வாடை உண்டு. உரம் வந்த நாளில் சட்டையைத் தனியாக ஊறவைப்பார். அமில வண்டி வந்த நாளில் எங்களை அவர் பக்கத்தில் அண்டவிட மாட்டார். துறைமுகத்துக்குள் இருக்கும் சரக்கின் விவரம், மனிதர்களின் முதுகிலும் சட்டையிலும் ஏறி, நாள்தோறும் ஊருக்குள் வந்துகொண்டிருந்தது. கப்பல்களும் அவசரமின்றி நின்றன. மூட்டை மூட்டையாக இறக்கி முடிக்க ஒரு வாரம் ஆகும். அதற்குள் அதன் மாலுமிகள் எங்கள் தெருக்களில் பழகிய முகங்களாகிவிடுவார்கள்.

இந்த அறிவு இரண்டு கட்டங்களில் எங்களிடமிருந்து போய்விட்டது. 1956 ஏப்ரல் 26 அன்று, மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரித் தொழிலதிபரின் ஐடியல் எக்ஸ் என்ற கப்பல் 58 பெட்டகங்களை ஏற்றிக்கொண்டு நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. கன்டெய்னர் யுகம் அன்றுதான் தொடங்கியது என்று கடல் வணிக வரலாறு சொல்கிறது. சரக்குச் செலவு பெருமளவு குறைந்தது. திருட்டும் சேதமும் குறைந்தன. முதுகெலும்பை உடைக்கும் சுமையிலிருந்து மனிதர்கள் விடுபட்டார்கள். தந்தையின் முதுகைப் பார்த்து வளர்ந்த நான் இந்த மாற்றத்தைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பெட்டகத்துக்கு வாடை இல்லை, நிறம் இல்லை. பொம்மை வந்தாலும் பூச்சிமருந்து வந்தாலும் ஒரே வடிவம், ஒரே முத்திரை. அதைத் தூக்கும் கிரேனை இயக்குபவருக்கே அதற்குள் இருப்பது தெரியாது என்னும்போது, அவருடைய வீட்டாருக்கு எப்படித் தெரியும்?

இரண்டாவது கட்டம் 2004 ஜூலை 1. அமெரிக்காவில் 2001 செப்டம்பரில் நடந்த தாக்குதல்களுக்குப் பிறகு உருவாக்கப்பட்ட, கப்பல்களுக்கும் துறைமுகங்களுக்குமான பன்னாட்டுப் பாதுகாப்பு விதித்தொகுப்பு அன்று நடைமுறைக்கு வந்தது. மதில்கள் உயர்ந்தன, அடையாள அட்டை இல்லாதவர்கள் வாயிலைத் தாண்ட முடியாமல் போயிற்று. கப்பல்கள் ஒரே நாளில் வேலை முடித்துப் புறப்படும் வேகமும் சேர்ந்துகொள்ள, மாலுமிகள் கரையில் கால்வைப்பதுகூட அரிதாகிவிட்டது. பாதுகாப்பு ஏற்பாடு தேவைதான். ஆனால், வெளியாரிடமிருந்து துறைமுகத்தைக் காப்பதற்காக எழுப்பப்பட்ட மதில், துறைமுகத்துக்குள் நிகழக்கூடிய விபத்திலிருந்து ஊரைக் காப்பதற்கு என்ன செய்கிறது என்ற கேள்வியை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

கப்பல் தன் சரக்கின் தன்மையை ஒளிப்பதில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். அபாயகரமான சரக்கை ஏற்றும்போதும், இறக்கும்போதும், சுமந்து நிற்கும்போதும் கப்பல் சிவப்புக் கொடி ஒன்றை ஏற்ற வேண்டும். இரவில் அதற்குப் பதிலாகச் சிவப்பு விளக்கு எரியும். எரிபொருள் நிரப்பும்போதும் அதே அடையாளம்தான். மேல்மாடியிலிருந்து அந்தச் சிவப்பு விளக்கை நான் எத்தனையோ இரவுகள் பார்த்திருக்கிறேன். அந்த விளக்கு அருகில் வரும் படகுகளுக்காக எரிகிறதே தவிர, எங்களுக்காக எரியவில்லை. எங்கள் தெரு வழியாகப் போகும் டிரெய்லர் லாரிகளின் பின்புறத்தில் ஒட்டப்பட்டிருக்கும் சாய்சதுர வில்லைகளும் அப்படித்தான். பன்னாட்டு விதிகள் அபாயச் சரக்குகளை ஒன்பது வகுப்புகளாகப் பிரிக்கின்றன: வெடிபொருள் முதலாம் வகுப்பு, தீப்பற்றும் திரவம் மூன்றாம் வகுப்பு, அரிக்கும் பொருள் எட்டாம் வகுப்பு. ஒவ்வொரு பொருளுக்கும் ஐக்கிய நாடுகள் தந்த நான்கு இலக்க எண் ஒன்றும் உண்டு. 1203 என்றால் பெட்ரோல். 1005 என்றால் நீரற்ற அம்மோனியா. 1942 என்றால் அம்மோனியம் நைட்ரேட். அந்த வண்டிக்குப் பின்னால் மிதிவண்டியில் பள்ளிக்குப் போகும் பிள்ளை அந்த எண்ணைத் தினமும் பார்க்கிறது. அதைப் படிக்க அந்தப் பிள்ளைக்கு எந்தப் பள்ளியும் சொல்லித்தருவதில்லை.

அறியாமையின் விலை என்ன என்பதற்குத் துறைமுக ஊர்களின் வரலாற்றில் சான்றுகள் போதுமான அளவு இருக்கின்றன. 1917 டிசம்பர் 6 அன்று காலை, கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில், போருக்கான வெடிபொருளை நிரப்பிக்கொண்டு வந்த மோன் பிளாங் என்ற பிரெஞ்சுக் கப்பல் மற்றொரு கப்பலுடன் மோதித் தீப்பிடித்தது. அதற்குள் இருப்பது என்னவென்று ஊருக்குத் தெரியாது. வீடுகளிலும் பள்ளிகளிலும் இருந்தவர்கள் எரியும் கப்பலைப் பார்க்கக் கண்ணாடி ஜன்னல்களுக்கு அருகில் வந்து நின்றார்கள். கப்பல் வெடித்தபோது ஏறத்தாழ 2,000 பேர் இறந்தார்கள். ஜன்னலருகே நின்றவர்களில் பலருடைய கண்களை உடைந்த கண்ணாடிச் சில்லுகள் பறித்தன. அந்த ஊரில் வின்சென்ட் கோல்மன் என்ற ரயில்வே ஊழியரிடம், எரிவது வெடிமருந்துக் கப்பல் என்று ஒரு மாலுமி சொல்லிவிட்டுப் போனார். தப்பி ஓட நேரமிருந்தும் கோல்மன் தந்திக் கருவியின் முன் திரும்பி வந்து அமர்ந்து, ஊரை நோக்கி வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலை நிறுத்தச் சொல்லித் தகவல் அனுப்பிவிட்டு உயிரை விட்டார். உண்மை தெரிந்திருந்த மிகச் சிலரில் அவர் ஒருவர். அவர் தனக்குத் தெரிந்ததைக் கொண்டு செய்த காரியம் இது. ஊர் முழுவதற்கும் தெரிந்திருந்தால் என்ன செய்திருக்கும் என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

நம் நாட்டில், 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் நின்றிருந்த ஃபோர்ட் ஸ்டிகின் என்ற கப்பலில் பஞ்சுப் பொதிகளும் ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருளும் ஒன்றாக இருந்தன. பிற்பகல் இரண்டு மணியளவில் தீ தெரிந்தது. நான்கு மணிக்குச் சற்றுப் பிறகு கப்பல் வெடித்தது. அன்று உயிரிழந்த 66 தீயணைப்பு வீரர்களின் நினைவாகவே ஏப்ரல் 14 நாடெங்கும் தீயணைப்புப் பணி நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. வீரர்களுக்கு நாம் செலுத்தும் மரியாதை சரியானது. ஆனால் இடையில் கழிந்த அந்த இரண்டு மணி நேரத்தை நினைவுகூர நம்மிடம் ஒரு நாளும் இல்லை.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகக் கிடங்கில் வெடித்தது 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட். கைவிடப்பட்ட ஒரு கப்பலிலிருந்து இறக்கப்பட்ட அந்தச் சரக்கு, குடியிருப்புகளுக்கு வெகு அருகில், ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் கிடந்தது. அதிகாரிகளின் கோப்புகளில் அது இருந்தது; அதைப் பற்றிக் கடிதங்கள் போய் வந்துகொண்டிருந்தன. ஊர் மக்களுக்கு ஒரு சொல் எட்டவில்லை. முதலில் எழுந்த புகையைப் பலர் ஜன்னலிலும் மாடத்திலும் நின்று கைப்பேசியில் படமெடுத்தார்கள். ஹாலிஃபாக்ஸ் நடந்து நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆன பின்னும், அதே கண்ணாடிக்கு முன்னால் மனிதர்கள் நின்றார்கள். தீயை அணைக்க அனுப்பப்பட்ட குழுவினர் பத்துப் பேரும் உள்ளே இருப்பது என்னவென்று அறியாமலே போய் மாண்டார்கள். இருநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் வீடிழந்தனர்.

அந்தச் செய்தி வந்த அதே வாரத்தில்தான், சென்னையை அடுத்த மணலியில் ஒரு பெட்டகக் கிடங்கில், 2015-ஆம் ஆண்டு சுங்கத்துறை பறிமுதல் செய்த ஏறத்தாழ 700 டன் அம்மோனியம் நைட்ரேட் அப்படியே இருக்கிறது என்பது தமிழ்நாட்டுக்குத் தெரியவந்தது. சில நாட்களிலேயே அது ஹைதராபாத்துக்கு அனுப்பப்பட்டது. இங்கே எந்த விபத்தும் நடக்கவில்லை என்பதில் எல்லோரையும் போல நானும் நிம்மதி அடைந்தேன். ஆயினும் ஒன்று என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஐந்து ஆண்டுகள் அந்தச் சரக்கின் அருகில் வாழ்ந்தவர்கள், வேறொரு நாட்டில் ஒரு நகரம் சிதறிய பிறகுதான் அதைப் பற்றி அறிந்துகொண்டார்கள்.

தங்கள் வாசகர்களில் சிலர், இவற்றையெல்லாம் வெளியிட்டால் தீய எண்ணம் கொண்டவர்களுக்கு வழிகாட்டியதாகும் என்று சொல்லக்கூடும். வணிக ரகசியம் என்ன ஆவது என்று வேறு சிலர் கேட்கக்கூடும். இரண்டையும் நான் பொருட்படுத்தியே எழுதுகிறேன். எந்தப் பெட்டகம் எந்த அடுக்கில் இருக்கிறது, சரக்கு யாருடையது, என்ன விலைக்கு வாங்கப்பட்டது என்பவை எங்களுக்கு வேண்டாம். எந்த வகுப்பைச் சேர்ந்த அபாயச் சரக்கு, தோராயமாக எந்த அளவில், எத்தனை நாட்களாக உள்ளே இருக்கிறது என்பதும், அதில் தீப்பிடித்தால் ஊர் எந்தத் திசையில் விலக வேண்டும் என்பதும் தெரிந்தால் போதும். சில சரக்குகளுக்கு வீட்டைவிட்டு ஓட வேண்டும். சிலவற்றுக்குக் கதவைச் சாத்தி உள்ளேயே இருக்க வேண்டும். எதுவானாலும் கண்ணாடியை விட்டு விலகி நிற்க வேண்டும். அம்மோனியா கசிந்தால் எந்தப் பக்கம் போவது என்பது அந்த வேளையில் கடற்காற்றா நிலக்காற்றா என்பதைப் பொறுத்தது. காற்றைப் படிக்கத் தெரிந்த ஊருக்கு இதைப் புரியவைப்பது கடினமான காரியமும் அல்ல.

இது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய ஏற்பாடும் அல்ல. போபால் பேரழிவுக்குப் பிறகு, ஆபத்தான ஆலைகளைச் சுற்றி வாழும் மக்களை முன்கூட்டியே விழிப்புடன் ஆயத்தப்படுத்தும் திட்டம் ஒன்றை ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 1988-இல் தொடங்கியது. பின்னர் துறைமுகப் பகுதிகளுக்கென்றே அதன் வழிகாட்டி ஒன்றையும் வெளியிட்டது. நம் நாட்டில், அபாயகர இரசாயனங்களின் உற்பத்தி, சேமிப்பு, இறக்குமதி குறித்து 1989-இல் வகுக்கப்பட்ட விதிகள், பெருவிபத்தால் பாதிக்கப்படக்கூடிய மக்களுக்கு முன்னரே தகவல் தெரிவிக்க வேண்டும் என்று கூறுகின்றன. விதி இருக்கிறது. அது என் தெருவரைக்கும் வந்து சேரவில்லை. இத்தனை ஆண்டுகளில் ஒரு துண்டறிக்கைகூட என் வீட்டுக்குள் வந்ததில்லை. ஒரு ஒத்திகை என் வாசலில் நடந்ததில்லை.

ஊருக்குச் சொல்லும் வழியைத் துறைமுகங்கள் அறியாதவையும் அல்ல. கடலில் புயல் உருவானால் இந்தியத் துறைமுகங்கள் 1 முதல் 11 வரையிலான எச்சரிக்கைக் கூண்டுகளை ஏற்றுகின்றன. பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளும் உயரத்தில் தொங்குகின்றன. முதலாம் எண் கூண்டு என்றால் தொலைவில் புயல் உருவாகக்கூடிய வானிலை நிலவுகிறது. எட்டு, ஒன்பது, பத்து என்றால் பெரும் அபாயம். பதினொன்று என்றால் எச்சரிக்கை மையத்துடனான தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். கப்பல்களுக்காக ஏற்படுத்தப்பட்ட இந்தக் குறியீட்டை இன்று கடற்கரை ஊர்களில் குழந்தைகூட அறிந்திருக்கிறது. அதை ஊரின் பொது அறிவாக்கியதில் பத்திரிகைகளுக்குப் பெரும்பங்கு உண்டு. எந்தத் துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றப்பட்டது என்பதை முதற்பக்கத்தில் நீங்கள் அச்சிட்டு வந்ததால்தான், கூண்டு ஏறியதும் படகை மேலே இழுத்துக் கட்டும் பழக்கமும், கூரையைக் கட்டிவைக்கும் பழக்கமும் எங்களிடம் நிலைத்தன. வானத்திலிருந்து வரும் ஆபத்தைச் சொல்லும் துறைமுகம், தன் கிடங்கிலிருந்து வரக்கூடிய ஆபத்தையும் சொல்ல வேண்டும்.

ஆசிரியர் அவர்களே, தங்களிடம் நான் வைக்கும் வேண்டுகோள் ஒன்றுதான். கப்பல்களின் வரவையும் புறப்பாட்டையும் நாளேடுகள் அச்சிட்ட காலம் ஒன்று உண்டு. லண்டனில் 1734-இல் தொடங்கிய லாய்ட்ஸ் லிஸ்ட் என்ற ஏடு, கப்பல் செய்திகளுக்காகவே பிறந்தது. வணிகர்களுக்காக அன்று வெளியான அந்தப் பத்தியை, அதே துறைமுகங்களைச் சுற்றி வாழும் மக்களுக்காக இன்று தாங்கள் மீண்டும் தொடங்க வேண்டும். தளத்தில் எந்தக் கப்பல் நிற்கிறது, பொதுவாக என்ன சரக்கு, அதன் கொடிமரத்தில் சிவப்புக் கொடி ஏறியிருக்கிறதா, கிடங்குகளில் மாதக்கணக்கில் தேங்கிக் கிடக்கும் அபாயச் சரக்கு எந்த வகுப்பைச் சேர்ந்தது என்ற விவரங்களைத் துறைமுக நிர்வாகங்களிடமும் சுங்கத்துறையிடமும் தங்கள் செய்தியாளர்கள் வாரந்தோறும் கேட்டுப் பெற வேண்டும். கொடுக்க மறுத்தால், மறுத்துவிட்டார்கள் என்பதையாவது வெளியிட வேண்டும். ஒன்பது வகுப்புகளின் வில்லைகளையும், அடிக்கடி எங்கள் தெருக்களில் காணப்படும் நான்கு இலக்க எண்களையும் ஒருமுறை அரைப்பக்கத்தில் படத்துடன் அச்சிட்டால், அதைக் கத்தரித்து எங்கள் தெருவிலுள்ள வீட்டுக் கதவுகளின் உட்புறத்தில் ஒட்டிவைக்கும் பொறுப்பை நானே ஏற்றுக்கொள்கிறேன். வாராந்தரப் பத்திக்கு, புயல் கூண்டுச் செய்திக்குத் தாங்கள் ஒதுக்கும் இடமே போதுமானது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
துறைமுக ஊர் வாசகர் ஒருவர்